புராஸ்டேட் வீக்க அறுவை சிகிச்சை: பாதுகாப்பு ஒப்பீட்டின் வரலாறு

முதுமையில் புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்ப்பாதையை நெருக்குவது புற்றுநோய் அல்ல. ஆனாலும் சிறுநீர் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அடைப்பை நீக்கும் அறுவை முறைகளுள் எது அபாயம் குறைந்தது என்ற விவாதம் நூறாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது.

இந்திய மருத்துவப் பணியில் இருந்து லண்டன் திரும்பிய அயர்லாந்துக்காரர் பீட்டர் ஃப்ரேயர், அடிவயிற்றைத் திறந்து சுரப்பியை விரலால் தோண்டியெடுக்கும் முறையை 1901இல் வெளியிட்டார். நியூயார்க்கில் யூஜின் ஃபுல்லர் அதை முன்பே செய்திருந்தார். ஆயிரம் பேருக்கு மேல் அறுத்த பின் ஃப்ரேயர் தந்த கணக்கில், நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் இறந்திருந்தனர். ஆன்டிபயாட்டிக் இல்லாத அந்நாளில் அது பெரிய சாதனை. 1945இல் டெரன்ஸ் மில்லின் சிறுநீர்ப்பையைத் திறக்காமலே சுரப்பியை அடையும் வழியைக் காட்டினார்.

இதற்கிடையே, வெளியே கத்தி படாமல் சிறுநீர்த்துவாரம் வழியாகக் கருவியைச் செலுத்தி, மின்கம்பியால் சுரப்பியைச் சீவியெடுக்கும் டி.யு.ஆர்.பி. முறை வளர்ந்தது. மாக்சிமிலியன் ஸ்டெர்ன் 1926இல் அறிமுகப்படுத்திய கருவி அதற்கு அடித்தளம். இதன் ஆபத்து தண்ணீரில் இருந்தது. பார்வை தெளிய ஊற்றிய வெறும் நீர் அறுபட்ட சிரைகளில் புகுந்து சிவப்பணுக்களை உடைப்பதை 1947இல் க்ரீவி சுட்டிக்காட்டினார். கிளைசின் கரைசலுக்கு மாறியதும் அணுக்கள் தப்பின. ஆனால் அக்கரைசல் அதிகம் உட்புகுந்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து, குழப்பமும் பார்வை மங்கலும் வலிப்பும் வந்தன.

1989இல் வெளியான அமெரிக்கத் தொகுப்பு, டி.யு.ஆர்.பி. செய்துகொண்ட 3,885 பேரில் 0.2 சதவீதமே இறந்ததாகச் சொன்னது. அதே ஆண்டில் டென்மார்க், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர், கனடாவின் மானிட்டோபா ஆகிய இடங்களின் பதிவேடுகளை நோரலூ ரூஸ் குழு அலசியது. திறந்த அறுவை செய்தவர்களைவிட டி.யு.ஆர்.பி. செய்தவர்களிடம் நெடுங்கால மரணமும் மறு அறுவையும் அதிகம் என்றது முடிவு. மருத்துவ உலகம் அதிர்ந்தது. இந்த ஒப்பீட்டில் ஒரு கேள்வி விடுபட்டிருந்தது: யாரை எந்த மேசைக்கு அனுப்பினார்கள்? திறந்த அறுவையைத் தாங்கமாட்டார் எனக் கருதிய இதய நோயாளிகளையே பல மருத்துவர்கள் டி.யு.ஆர்.பி.க்கு அனுப்பினர். அவர்களுடைய பிற நோய்களின் கடுமையைப் பதிவேடுகள் முழுதாகக் காட்டவில்லை. 1992இல் கன்காட்டோ குழு மருத்துவக் குறிப்புகளைப் புரட்டி அந்தக் கடுமையையும் கணக்கில் சேர்த்தபோது, மரண வேறுபாடு மறைந்தது. மறு அறுவை வேறுபாடு மட்டும் நின்றது. ஒரு சிகிச்சையைப் பழிக்கும் முன் நோயாளி யார் என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

பின்னர் உப்புக்கரைசலிலேயே இயங்கும் இருமுனை மின்கருவி வந்ததால் சோடியச் சரிவு அநேகமாக ஒழிந்தது. நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் உருவாக்கிய ஹோல்மியம் லேசர் முறை, மிகப் பெரிய சுரப்பியையும் குறைந்த ரத்த இழப்பில் தோண்டியெடுத்தது. ஆனால் கை பழக நாளாகும்.

பாதுகாப்பு என்பது உயிர் பிழைப்பது மட்டுமல்ல. விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது சீவும் முறைகளில் சாதாரணம். பழைய மரணக் கணக்குகளில் இதற்கு இடமே இல்லை. அதைத் தவிர்க்கும் யூரோலிஃப்ட் முறைக்கு அமெரிக்கா 2013இல் அனுமதி தந்தது. சுரப்பியை வெட்டாமல் சிறு கொக்கிகளால் ஒதுக்கிக் கட்டும் அம்முறையின் முதன்மைச் சோதனையில், 5 ஆண்டுகளுக்குள் 13.6 சதவீதத்தினர் மீண்டும் அறுவைக்கு வந்தனர்.