முதலில் தொட்ட கை
(தொடுகையின் சரித்திரம் – அத்தியாயம் 9)

சென்ற வாரம் ஹென்றி டேலை அவருடைய லண்டன் ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். ஆண்டு 1906. மாட்டின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாறு பூனையின் கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்று அவர் கண்டுவிட்டார். அந்தச் சாற்றுக்குள் இருப்பது எது என்று தெரிய இன்னும் 47 ஆண்டுகள் ஆகும். 1953இல் வின்சென்ட் டு வின்யோ அதைப் பிரித்துப் பார்த்து, ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு மூலக்கூறு அது என்று காட்டுவார். ஆய்வுக்கூடத்தில் தாமே தயாரித்தும் விடுவார். 1955இல் நோபல் பரிசும் வரும். அதன் பெயர் ஆக்சிடோசின். பிரசவத்தையும் தாய்ப்பாலையும் ஆளும் அந்த ஹார்மோனுக்கு, ஒருவர் கை இன்னொருவர் மேல் படும்போதும் வேலை உண்டு என்பது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் தெரிய வரும்.

டேல் இருந்த அதே லண்டனில் இன்னொரு அலுவலகமும் இருந்தது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். 1880 முதல் கோலார் தங்கவயல் அவர்கள் கையில். டேல் பூனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்த ஆண்டில், கடல் கடந்து இங்கே ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஷிஃப்டு ஷிஃப்டாகப் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நாமும் இந்த வாரம் இங்கேயே இறங்குவோம்.

வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலோர் ஆதி திராவிடர். ஊரில் அவர்களுடைய உடம்பு யார்மேல் படலாம், யார்மேல் படக்கூடாது என்பதை அவர்கள் பிறப்பதற்கு முன்பே மற்றவர்கள் தீர்மானித்திருந்தார்கள். கடையில் காசை வீசி எறிவார்கள். தண்ணீரைத் தூக்கி ஊற்றுவார்கள். பிறர் கை தன்மேல் படாமலே ஒரு மனிதன் வளர்ந்து, வேலைக்குப் போய், கிழவனாகிவிடலாம். அடியோ உதையோ விழுந்தால் மட்டும் உண்டு.

அப்படிப்பட்டவர் ஊரைவிட்டு வந்து, மாரிக்குப்பத்திலோ சாம்பியன் ரீஃபிலோ கேஜுக்குள் முதன்முதலாக ஏறுகிறார். இரும்புக் கூண்டு. தோளோடு தோள், முதுகோடு மார்பு, நகர இடமில்லை. கதவு சாத்தியதும் காலடியில் தரை நழுவுகிறது. வயிறு மேலே எழும்பும் அந்த நொடியில் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடிக்காதவர் யார்? கீழே போகப் போகப் பாறை சுடும். தங்கவயலின் சுரங்கங்கள் பின்னாளில் 3 கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டின. பாறை தானே வெடித்துச் சிதறும் ஆபத்து எப்போதும் உண்டு. அப்போது இடிபாட்டுக்குள் கையை விட்டு இழுப்பவர், பக்கத்தில் நின்று துளை போட்டுக்கொண்டிருந்தவர்தான்.

ஷிஃப்டு முடிந்து மேலே வந்தால் இன்னொரு கை காத்திருக்கும். சோதனை போடும் கை. தங்கத் துணுக்கு வெளியே போய்விடக்கூடாது என்பது கம்பெனியின் ஓயாத கவலை. 1897இல் வந்த மைசூர் சுரங்கச் சட்டம் அந்தக் கவலைக்குச் சர்க்கார் முத்திரையும் குத்திக் கொடுத்தது. வேர்வையும் பாறைத்தூளும் அப்பிய உடம்போடு வரிசையில் நின்று, கையைத் தூக்கி, மடியை உதறிக் காட்ட வேண்டும். தடவிப் பார்க்கும் விரல்கள் அக்குளிலும் இடுப்பிலும் போய் வரும்.

இந்த மூன்று கைகளையும் ஏன் இப்படி அடுக்கி வைத்தேன் என்றால், தொடுகையைப் பற்றி இன்று விஞ்ஞானம் கேட்கும் கேள்வி இங்கேதான் இருக்கிறது. நம் தோலில், குறிப்பாக ரோமம் உள்ள பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே மெல்லிய நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், அதாவது அம்மா குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுக்கும் வேகத்தில், ஒரு கை நகர்ந்தால் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. சரி, சோதனை போடுபவரின் கை தற்செயலாக அதே வேகத்தில் நகர்ந்தால்? நரம்புக்கு இரண்டும் ஒன்றுதானே?

நரம்புக்கு ஒன்றாக இருக்கலாம். ஆளுக்கு ஒன்றல்ல. ஜெர்மனியில் டிர்க் ஷீலேயும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களுக்கு ஆக்சிடோசினை மூக்கில் தெளித்துவிட்டு, இப்போது உங்களைத் தொடுவது பெண், இப்போது ஆண் என்று சொல்லித் தொட்டார்கள். உண்மையில் இரண்டு முறையும் தொட்டது ஒரே பெண்தான். பெண் என்று நம்பியபோது மட்டும் ஆக்சிடோசின் அந்தத் தொடுகையின் இதத்தைக் கூட்டியது. தொடுவது யார் என்ற நம்பிக்கை, தோலுக்கும் மனசுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுதுகிறது.

சுவீடனில் நடந்து, 2023இல் வெளியான ஆய்வுதான் என்னைத் தங்கவயலுக்கு இழுத்து வந்தது. பெண்களின் கையைக் கணவரோ காதலரோ தொட, பிறகு முன்பின் அறியாத ஒருவர் தொட, இடையிடையே ரத்தம் எடுத்து ஆக்சிடோசின் அளவைப் பார்த்தார்கள். சிலருக்கு வரிசையை மாற்றினார்கள். முதலில் தொட்டது சொந்த ஆளாக இருந்தால், பின்னால் அந்நியர் தொட்டபோதும் ஹார்மோன் கூடுதலாகச் சுரந்தது. முதலில் தொட்டது அந்நியராக இருந்தாலோ, பிறகு சொந்தக்காரர் தொட்டும் சுரப்பு மங்கியே கிடந்தது.

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசனையிலேயே இருந்தேன். ஆக்சிடோசின் என்றாலே அன்பு ஹார்மோன், கட்டிப்பிடித்தால் போதும் என்று எழுதுகிறார்களே, அது பாதிக் கதைகூட இல்லை. உடம்பு முந்தைய கையை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த கையை வரவேற்கிறது. ஆய்வுக்கூடத்தில் அந்த நினைவு சில நிமிடங்களுக்கு உரியது. சுரங்க வாசலில் தினம் தினம் துழாவப்பட்ட ஒருவர், லைன் வீட்டுக்குப் போய் ஓடி வரும் பிள்ளையைத் தூக்கும்போது அவருக்குள் என்ன நடந்திருக்கும்? இது ஆய்வின் முடிவல்ல, என்னுடைய கேள்வி. ஆனால் தங்கவயல் மக்கள் செய்ததைப் பார்த்தால், விடையை அவர்கள் வேறு வழியில் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. சாம்பியன் ரீஃப் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய நூல்களை அச்சிட்டது. அவர் 1914இல் மறைந்த பின் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலில் இருந்து மீண்டும் கொண்டுவந்தார் ஜி. அப்பாதுரையார். பாறை உடைத்த கைகள் அச்சுக் கோத்தன. கல்யாணமும் சாவும் தங்கள் ஆட்களை வைத்தே நடந்தன. பிறக்கிற பிள்ளையை முதலில் தொடுவதும், செத்தவரைக் கடைசியில் தொடுவதும் மதிப்புள்ள கையாக இருக்க வேண்டும் என்று ஒரு சமூகமே முடிவு கட்டிய காலம் அது. கேஜுக்குள் பயத்தில் பிடித்த கை, மேலே வந்தும் விடவில்லை.

இப்படி ஒரு தலைமுறை தன்னை ஆக்கிக்கொண்ட பிறகு, 1930 வருகிறது.

கம்பெனிகள் ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தன. ஒவ்வொரு தொழிலாளியின் பெருவிரல் ரேகையும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த சுரங்கத்தில் சேரும் வழி அதோடு அடைபடும். ரேகை வைப்பதென்றால் நீட்டிய விரலைத் தானே ஒற்றிவிட்டு வருவதல்ல. எதிரே இருப்பவர் மணிக்கட்டைப் பிடித்து, விரலை மையில் அழுத்தி, நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை காகிதத்தில் உருட்டுவார். கை அவ்வளவு நேரமும் அவருடையது.

அந்த முறைக்கு இந்தியாவிலேயே ஒரு பூர்வ கதை உண்டு. 1858இல் வங்கத்தின் ஜங்கிபூரில் ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் முழு உள்ளங்கையையும் ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார் வில்லியம் ஹெர்ஷல். பின்னாளில் பேச்சு மாறாதபடி அவரைப் பயமுறுத்தி வைப்பதற்காக! 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் திறந்தபோது, அதில் சேர்ந்ததெல்லாம் குற்றவாளிகளின் ரேகைகள்.

தங்கவயல்காரர்கள் பல காலம் சோதனைக்குக் கையைத் தூக்கியவர்கள். மைப்பெட்டிக்கு முன்னால் மட்டும் கையை நீட்ட மறுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். ஷாஃப்டுகளில் கேஜ் இறங்கவில்லை. லண்டனுக்குத் தந்தி பறந்தது. மைசூரில் திவான் மிர்சா இஸ்மாயிலின் சர்க்கார் யார் பக்கம் நிற்பது என்று முடிவு செய்தாக வேண்டும். லைன்களில் அரிசி குறைந்துகொண்டே வந்தது.

யாருடைய கை முதலில் இறங்கியது?

(தொடரும்)