வலையொலி தொடங்குமுன்: எந்த வடிவம் நமக்குப் பொருந்தும்?

வலையொலி தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது நல்ல ஒலிவாங்கியை. அடுத்து பெயர், பிறகு சின்னம். தனியாகப் பேசுவதா, நண்பரோடு உரையாடுவதா, விருந்தினரை அழைப்பதா, ஆய்வு செய்து கதையாகச் சொல்வதா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. ஆர்வமாகத் தொடங்கிய வலையொலி நாலைந்து பகுதிகளில் நின்றுபோவதற்கு, பெரும்பாலும் குரலோ கருவியோ காரணமல்ல. தங்களால் தொடர்ந்து செய்ய முடியாத வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம்.

ஜொகூரில் இருப்பவர்கள் கேட்பவரின் நேரத்திலிருந்து தொடங்கலாம். விடியும் முன்பே ஜொகூர் பாருவில் பஸ் ஏறி, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்கு நெரிசலில் நிற்கும் நேரம் உண்டு. அவர் அரை மணி நேரம் கேட்பார். குளுவாங் பக்கம் தோட்டத்தில் இருக்கும் பாட்டி வலையொலிச் செயலியைத் திறக்கப் போவதில்லை. பேரன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் கேட்பார், அதுவும் பத்து நிமிடத்துக்குள் முடிந்தால். இருவருக்கும் ஒரே வடிவம் பொருந்தாது. யாருக்கு என்று முடிவு செய்தாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

வானொலியைப் போலவே செய்துவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு வருவது இயல்பு. மின்னல் பண்பலையும் ராகாவும் நம் வீடுகளில் ஒலிப்பவை. தென் ஜொகூரில் சிங்கப்பூரின் ஒலி 968-உம் கேட்கும். ஆனால் வானொலிக்குப் பாட்டு ஒரு தூண். நிலையங்கள் உரிமம் பெற்றுத்தான் திரைப்பாடல்களை ஒலிபரப்புகின்றன. வலையொலியில் அனுமதியின்றி ஒரு பாடலைச் சேர்த்தால் அந்தப் பகுதியே நீக்கப்படலாம். பாட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேச்சு மட்டுமே. அது தனியே நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

தனியாகப் பேசுவது செலவில் எளிது, செய்வதில் கடினம். எதிரில் ஆளில்லாமல் இருபது நிமிடம் பேசினால் நம்மில் பலருக்கும் மேடைப்பேச்சின் நெடி வந்துவிடுகிறது. இலக்கணம், சட்டம், சமையல் என்று ஒரு துறையில் உண்மையாகவே தேர்ச்சி உள்ளவருக்கு இது பொருந்தும். செய்திகளைப் பற்றிக் கருத்துச் சொல்லப் போகிறவர்கள் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நண்பர்கள் இருவரின் அரட்டை, அந்த இருவருக்கும் இனிக்கும். கேட்பவருக்கும் இனிக்க வேண்டுமானால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே பொருள் என்று கட்டுப்படுத்த வேண்டும். நாடகத்துக்கு நடிகர்கள், ஒத்திகை, ஒலிச்சேர்க்கை எல்லாம் வேண்டும். முதல் முயற்சியாக யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

புலனாய்வுக் கதை வடிவத்தின் மீது இளைஞர்களுக்கு மயக்கம் அதிகம். 2014இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘சீரியல்’ உலகெங்கும் வலையொலியைப் பேசுபொருளாக்கியது. ஒரே கொலை வழக்கை 12 பகுதிகளில் சொன்ன தொடர் அது. அதன் பின்னால் இருந்தவர்கள் பல ஆண்டு வானொலி அனுபவம் உள்ள செய்தியாளர் குழுவினர் என்பதை மறந்துவிடக்கூடாது. வேலை முடிந்து வந்து இரவில் ஒலித்தொகுப்பு செய்பவருக்கு அது எட்டாத உயரம்.

ஆனால் அதே நாட்டில் 2003இல் தொடங்கிய இன்னொரு முயற்சி நமக்கு மிக நெருக்கமானது. ‘ஸ்டோரிகோர்’ என்பது அதன் பெயர். வானொலித் தயாரிப்பாளர் டேவ் ஐசே, நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூண்டு வைத்தார். அங்கே செய்தியாளர் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒருவரையொருவர் அறிந்த இருவர் உள்ளே போகிறார்கள்: மகளும் தந்தையும், பேரனும் பாட்டியும், பழைய நண்பர்களும். ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல, 40 நிமிடம் பதிவாகிறது. ஒரு படி பேசியவர்களுக்கு. அவர்கள் சம்மதித்தால் இன்னொரு படி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு. வானொலியில் வருவது அதிலிருந்து வெட்டியெடுத்த சில நிமிடங்கள் மட்டுமே. நீளமாகப் பதிவு செய்து குறுக்கி வெளியிடுவதுதான் இந்த வடிவத்தின் உயிர். இதற்குப் புகழ்பெற்ற விருந்தினரும் வேண்டாம், பயிற்சி பெற்ற அறிவிப்பாளரும் வேண்டாம்.

ஜொகூர்த் தமிழர்களிடம் இந்த வடிவத்துக்கான சரக்கு ஏராளம், காலம்தான் குறைவு. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின; 2006இல் இஸ்கந்தர் மேம்பாட்டுத் திட்டம் வந்தபின் தென் ஜொகூரில் இந்த மாற்றம் இன்னும் வேகமானது. பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, மங்கு, காண்டா, ஒட்டுப்பால் என்ற சொற்களை அன்றாடம் புழங்கிய தலைமுறை முதுமையில் இருக்கிறது. சிங்கப்பூர் தன் வாய்மொழி வரலாற்றுப் பிரிவை 1979லேயே தொடங்கிவிட்டது. இக்கரையில் அந்த வேலையை ஒரு பேத்தியும் ஒரு கைத்தொலைபேசியும் தொடங்கலாம்.

கேட்கும் விதம் முக்கியம். “உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க பாட்டி” என்றால் பாட்டி, “நமக்கு என்னாம்மா இருக்கு சொல்ல” என்று முடித்துவிடுவார். “பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழும்புவீங்க? கைக்குழந்தைய யாருகிட்ட விட்டுட்டுப் போவீங்க? மழை வந்தா அன்னைக்குச் சம்பளம் உண்டா?” என்று கேட்டால் நிறுத்த முடியாது. மலாய்ச் சொல் கலந்து பேசினால் இடையில் திருத்த வேண்டாம். அந்தப் பேச்சுதான் பதிவாக வேண்டியது. தமிழ் படித்தவர்களுக்கு இது கொஞ்சம் கடினம். கை தானாகத் திருத்தப் போகும்.

கருவி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொலைபேசியை ‘விமானப் பயண’ நிலையில் வைத்து, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், துணி விரித்த மேசைமேல் வைத்தால் போதும். காற்றாடியை நிறுத்த வேண்டும். தகரக் கூரை வீடானால் மழை நாளைத் தவிர்க்க வேண்டும். 64 கிலோபிட் அளவில் எம்பி3 கோப்பாக மாற்றினால் 15 நிமிடப் பேச்சு சுமார் 7 மெகாபைட்தான். வாட்ஸ்ஆப்பில் எளிதாக அனுப்பலாம். மாற்றுமுன் மூலப் பதிவை மட்டும் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

எந்த வடிவமானாலும் மூன்று பகுதிகளைப் பதிவு செய்து முடிக்கும்வரை ஒன்றையும் வெளியிடாமல் இருப்பது நல்ல வழி. முதல் பகுதி ஆர்வத்தில் நன்றாகவே வரும். மூன்றாவதில் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் வடிவத்தை மாற்ற அப்போதும் நேரம் இருக்கும். வாரந்தோறும் என்று அறிவித்துவிட்டுத் திணறுவதைவிட, ஆறு பகுதிகள் கொண்ட ஒரு தொடர் என்று சொல்லி முடிப்பது மரியாதை.

பெரியவர்களின் பேச்சை வெளியிடுவதில் ஒரு பொறுப்பும் இருக்கிறது. பேச்சு வாக்கில் பக்கத்து லயத்துக் குடும்பத்தின் சண்டையோ, யாரோ ஒருவரின் ஓடிப்போன கல்யாணமோ வந்துவிடும். தொகுத்ததை அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டி, சரி என்ற பிறகே வெளியிட வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பதிவு வீட்டில் இருக்கட்டும். கூகுள் தன் வலையொலிச் செயலியை 2024இல் மூடிவிட்டது. வெளியிடும் தளத்தை மட்டும் நம்பியிருக்காமல், மூலப் பதிவை இரண்டு இடங்களில், பேசியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பதிவான நாள் ஆகிய மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பது நல்லது.