தண்ணீருக்கும் நாடி உண்டு

பச்சைத் தண்ணீரைக் கண்டு நாம் பயப்படுகிற ஜாதி அல்ல. கோயில் குளத்தில் பாசியைக் கையால் ஒதுக்கிவிட்டு முழுக்குப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தானே! ஆனால் 2016-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி, பிரேஸில் தேசத்தின் ரியோ டி ஜெனீரோ நகரில் ஒரு குளம் பச்சையானபோது உலகமே திகைத்துப் போயிற்று.

அது ஒலிம்பிக் பந்தயக் குளம். பத்து மீட்டர் உயர மேடையிலிருந்து பெண்கள் ஜோடி ஜோடியாகத் தலைகீழாய்ப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். முதல் நாள்வரை நீலமாயிருந்த தண்ணீர் கீரைச் சாறு மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் பக்கத்திலிருந்த வாட்டர் போலோ குளமும் அதே கோலம் பூண்டது.

காரணம் என்ன? வெயில் என்றார்கள், காற்றில்லை என்றார்கள், காரத்தன்மை குறைந்துவிட்டது என்றார்கள், ரஸாயனப் பொருள் தீர்ந்து போயிற்று என்றும் சொன்னார்கள். நாலைந்து நாள் கழித்துத்தான் உண்மை வெளிவந்தது. தொடக்க விழா நடந்த 5-ந் தேதியன்று, பராமரிப்பு வேலையை ஏற்றிருந்தவர்கள் குளத்தில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் கொட்டியிருந்தார்கள்!

கொட்டியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. பெராக்ஸைடும் கிருமிநாசினிதான், ஏற்கெனவே தண்ணீரில் இருந்த குளோரினும் கிருமிநாசினிதான். தனித்தனியே இரண்டும் சூரர்கள். சேர்ந்தாலோ, பாரதத்தில் வருகிற சுந்தோபசுந்தர் கதைதான்: ஒன்றை ஒன்று அழித்துவிடும். காவலர் இருவரும் ஒழிந்த ஊரில் பாசி பட்டாபிஷேகம் செய்துகொண்டது.

இந்தக் குளோரின் வைத்தியம் தோன்றிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1908-ம் வருஷம் செப்டம்பர் மாதம், அமெரிக்காவில் ஜெர்ஸி நகரத்தின் குடிநீரில் ஜான் லீல் என்ற டாக்டர் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கலக்க ஏற்பாடு செய்தார். நகரசபையைக் கேட்காமலே செய்தார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 'ஊர் ஜனங்கள் குடிக்கும் தண்ணீரில் மருந்தா?' என்று கேள்வி எழுந்தது. லீல் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் 1910-ல் அவருடைய முறை பத்திரமானது என்று தீர்ப்பாயிற்று. டைபாய்டுக் காய்ச்சலை விரட்டிய அந்த மருந்து பிறகு நீச்சல் குளங்களுக்கும் வந்தது.

மருந்து கிடைத்துவிட்டது. நாடி பார்க்க வேண்டாமா? அதற்கும் வழி மறு வருஷமே பிறந்தது. பிறந்த இடந்தான் வேடிக்கை. டென்மார்க்கில், கோபன்ஹேகன் நகரத்து பீர் முதலாளி ஒருவர் நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆராய்ச்சிசாலை அது. அங்கே வேலை பார்த்த ஸோரன்ஸன் என்ற விஞ்ஞானி, ஒரு திரவத்தில் புளிப்பு எவ்வளவு, காரம் எவ்வளவு என்று காட்டும் 'பி.எச்.' என்ற அளவுகோலை 1909-ல் வகுத்தார். ஏழு என்றால் நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.

ஒரு படி தப்பினால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? பி.எச். ஏழரையாக இருந்தால் தண்ணீரிலுள்ள குளோரினில் ஏறக்குறையப் பாதி கிருமியைக் கொல்லும் உருவத்தில் இருக்கும். எட்டரைக்கு ஏறினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மற்றதெல்லாம் ஆயுதம் பாதி உறையில் கிடக்கிற சேவகர்கள்! ஏழுக்குக் கீழே இறங்கினாலோ கண் எரியும். இரும்பும் செம்பும் அரிக்கும்.

இன்று அமெரிக்காவில் எத்தனையோ வீட்டுக் கொல்லைகளில், தரைக்கு மேலேயே தகரச் சுவரும் பிளாஸ்டிக் விரிப்புமாக நீச்சல் தொட்டி எழுப்பிவிடுகிறார்கள். தண்ணீர் கண்ணாடி போல் இருக்கிறதே என்று குழந்தைகள் குதிக்கத் துடிக்கும். கண்ணாடி போன்ற தண்ணீரில் கிருமி இருக்காது என்று யார் சொன்னது? முதலில் சோதிக்க வேண்டும். பிறகு காரத்தன்மையைப் பத்து லட்சத்தில் 80 முதல் 120 பங்கு வரை கொண்டுவர வேண்டும். குறைந்தால் ஆப்பச் சோடா போதும். பி.எச். ஊஞ்சலாடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அடுத்து பி.எச்.; அதன் பிறகே குளோரின். ஒரு மருந்து போட்டால், தண்ணீரைச் சுழலவிட்டு, மறுபடி சோதித்த பிறகுதான் அடுத்தது. இரண்டை ஒன்றாய்க் கலப்பது ஆபத்து.

ரியோவில் என்ன ஆயிற்று? நீருக்குள் நடனமாடும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டுமே! ஆகவே ஒரு குளத்துத் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து சுமார் 37 லட்சம் லிட்டரை இரவோடு இரவாக இறைத்து நிரப்பினார்கள். நாடி பார்க்காமல் கொடுத்த 80 லிட்டர் மருந்துக்கு அத்தனை பெரிய பரிகாரம்!

நோயாளி வாய் திறந்து சொல்லாதபோது வைத்தியன் இரட்டிப்புப் பொறுமை காட்ட வேண்டும். தண்ணீர் பேசாத நோயாளி. அதிலே குதிப்பவை நம் குழந்தைகள்.