கோச்சீஸ் கவுண்டி ஷெரீப் அலுவலகம்

கோச்சீஸ் கவுண்டி ஷெரீப் அலுவலகம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய கிராமப்புறக் கவுண்டி ஒன்றின் காவல் அமைப்பு. 1881இல் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 16,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 1,25,447 பேர் வாழ்கிறார்கள். இப்போதைய தலைநகர் பிஸ்பி. சென்னையில் முன்பு இருந்த ஷெரீப் பதவியும் இதே ஆங்கிலேய மரபில் வந்ததுதான். அது பிற்காலத்தில் வெறும் கௌரவப் பதவியாகச் சுருங்கியது. அரிசோனாவிலோ ஷெரீப்பை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயுதம் தாங்கிய காவலும் கவுண்டிச் சிறையும் அவர் பொறுப்பில் இருக்கின்றன.

தோற்றம்

1877இல் டூம்ஸ்டோன் பகுதியில் வெள்ளி கிடைத்ததும் சுரங்கத் தொழிலாளர்களும் வணிகர்களும் வந்து குவிந்தார்கள். அப்போது அந்த நிலம் பிமா கவுண்டியைச் சேர்ந்தது. தலைநகரான டூசானோ வெகுதொலைவில் இருந்தது. எனவே பிமாவின் கிழக்குப் பகுதியைப் பிரித்து 1881 பிப்ரவரி 1 அன்று புதிய கவுண்டியை அமைத்தார்கள். அப்பாச்சி மக்களின் தலைவர் கோச்சீஸின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. ஆளுநர் ஜான் ஃப்ரீமான்ட், ஜான் பீஹனை முதல் ஷெரீப்பாக நியமித்தார்.

அன்றைய ஷெரீப்புக்கு வரி வசூலும் வேலை. வசூலான தொகையில் பத்தில் ஒரு பங்கு அவருக்கே சேரும் என்பதால் பதவிக்குக் கடும் போட்டி இருந்தது. பீஹனின் டெபுடி (துணை ஷெரீப்) வில்லியம் பிரேக்கன்ரிட்ஜ் பின்னாளில் எழுதிய நினைவு நூலில் ஒரு செய்தி வருகிறது. கால்நடைத் திருடர்கள் நிறைந்த மலைப்பகுதியில் வரி வசூலிக்க, அவர்களுக்குள் பேர்பெற்ற கர்லி பில்லையே அவர் துணைக்கு அழைத்துப் போனாராம். அந்த நிலத்தில் சட்டத்தின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இதுவே சாட்சி.

அதிகாரச் சிக்கல்

1881 அக்டோபர் 26 அன்று டூம்ஸ்டோனில் ஓ.கே. கொரால் என்ற குதிரைப் பட்டி அருகே துப்பாக்கிச் சண்டை நடந்தது. அதற்குச் சற்று முன், கவ்பாய்கள் என அழைக்கப்பட்ட கால்நடைத் திருட்டுக் கும்பலின் ஆயுதங்களை வாங்கிவைக்க பீஹன் முயன்றார், முடியவில்லை. நகரக் காவல் தலைவர் வெர்ஜில் ஏர்ப், தம்பிகள் வயட், மார்கன், நண்பர் டாக் ஹாலிடே ஆகியோருடன் வந்தார். பீஹன் குறுக்கிட்டும் அவர்கள் நிற்கவில்லை. ஏறத்தாழ அரை நிமிடச் சண்டையில் கவ்பாய்கள் மூவர் உயிரிழந்தார்கள். நகரக் காவல், கவுண்டி ஷெரீப், கூட்டரசின் மார்ஷல் என மூன்று அதிகாரங்கள் ஒரே தெருவில் இருந்தும் அவற்றுக்குள் ஒற்றுமை இல்லாததன் விலை அது. 1882 வசந்தத்தில், கூட்டரசின் துணை மார்ஷலாக இருந்த வயட் ஏர்ப்பைப் பிடிக்க ஷெரீப்பே ஆள் திரட்டிக்கொண்டு கிளம்பினார்.

1884 பிப்ரவரியில் இன்னொரு பலவீனம் வெளிப்பட்டது. பிஸ்பி கொள்ளை வழக்கில் தண்டனை பெற்ற ஜான் ஹீத்தை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்த் தூக்கிலிட்டது. 1887 முதல் 1890 வரை ஷெரீப்பாக இருந்த பண்ணைக்காரர் ஜான் ஸ்லாட்டர், கால்நடைத் திருட்டைக் கடுமையாக ஒடுக்கிப் பெயர் பெற்றார்.

1917: பிஸ்பி வெளியேற்றம்

இந்த அலுவலகத்தின் வரலாற்றில் அழியாத கறை 1917 ஜூலை 12 அன்று படிந்தது. முதல் உலகப் போரால் தாமிரத்துக்குக் கிராக்கி ஏறியிருந்த நேரம். பிஸ்பி சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரிசோனா ரேஞ்சர்ஸ் என்ற காவல் படையின் முன்னாள் தலைவரான ஷெரீப் ஹாரி வீலர், சுரங்க நிறுவனங்களோடு சேர்ந்து ஏறத்தாழ 2,000 பேரை ஒரே மூச்சில் டெபுடிகளாக்கினார். கையில் வெள்ளைத் துணி கட்டிய அவர்கள் விடியற்காலையில் வீடுவீடாகப் புகுந்து ஆட்களைப் பிடித்தார்கள். ஏறத்தாழ 1,200 பேரை வாரன் பேஸ்பால் மைதானத்துக்கு நடத்திச் சென்று, 23 கால்நடை ரயில் பெட்டிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோவின் பாலைவெளியில் இறக்கிவிட்டார்கள். வெளியுலகுக்குச் செய்தி போகாதபடி தந்தியும் தொலைபேசியும் கட்டுப்படுத்தப்பட்டன. அன்று இருவர் இறந்தனர்.

கூட்டரசு வழக்குத் தொடர்ந்தது. ஆனால் இது மாநிலம் விசாரிக்க வேண்டிய குற்றம் என்று 1920இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. மாநில நீதிமன்றத்திலும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

இன்றைய அமைப்பு

1929இல் தலைநகர் டூம்ஸ்டோனிலிருந்து பிஸ்பிக்கு மாறியது. டூம்ஸ்டோனில் 1882இல் கட்டிய பழைய நீதிமன்றக் கட்டடம் இப்போது வரலாற்றுப் பூங்காவாகப் பராமரிக்கப்படுகிறது. ஷெரீப்பின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். அவருக்குக் கீழ் ரோந்து, குற்றப் புலனாய்வு, சிறை, தகவல் தொடர்பு ஆகிய பிரிவுகள் இயங்குகின்றன. அமைதி காப்பது, கைது செய்வது, சிறையைப் பராமரிப்பது, காணாமல் போனவர்களைத் தேடி மீட்பது ஆகியவை மாநிலச் சட்டம் அவருக்கு விதித்துள்ள கடமைகளில் சில. சியரா விஸ்டா, டக்ளஸ் போன்ற நகரங்களுக்குத் தனிக் காவல்துறை உண்டு. நகர எல்லைக்கு வெளியே உள்ள பண்ணைகளும் சிற்றூர்களும் ஷெரீப்பையே நம்பியிருக்கின்றன. எல்லைக் காவல் கூட்டரசின் வேலை என்றாலும், கடத்தலால் எழும் குற்றங்கள் கவுண்டிக் காவலர்களிடமே வந்து சேர்கின்றன. அலுவலகத்துக்கான நிதியை மூவர் கொண்ட மேற்பார்வையாளர் குழு ஒதுக்குகிறது. அவர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுபவர்களே.

மதிப்பீடு

மக்கள் தேர்ந்தெடுக்கும் காவல் தலைவர் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்; அதுவே இந்த முறையின் பெருமை. ஆனால் ஹாரி வீலரும் வாக்கு வாங்கி வந்தவர்தான். ரயிலில் ஏற்றி அனுப்பப்பட்ட தொழிலாளர்களும் அவர் காக்க வேண்டிய குடிகளே. ஷெரீப்பைத் தட்டிக்கேட்கும் துணிவு நீதிமன்றத்துக்கு இல்லாத இடத்தில், வாக்குச் சீட்டு மட்டும் எளியவர்களைக் காப்பாற்றாது.