கடையில் கண் வீங்கிக் கிடக்கும் ஆமைக்குட்டி... காசு கொடுத்துக் காப்பாற்றலாமா?

மீன் தொட்டிக்கு மோட்டார் வாங்கக் கடைக்குப் போறீங்க. கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதுல ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணி, பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசா இருபது முப்பது பச்சை ஆமைக்குட்டிகள். எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டிருக்க, ஒண்ணு மட்டும் ஓரமா அசையாம கிடக்குது. ரெண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கு. நீங்க அதையே பார்க்கிறதைக் கவனிச்ச கடைக்காரர், "அது கொஞ்சம் டல்லா இருக்கு. வேணும்னா பாதி விலைக்கு எடுத்துக்கோங்க" என்கிறார்.

கொளத்தூரில் நடந்தாலும் சரி, உங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கிற மீன் கடையில் நடந்தாலும் சரி, அந்த நிமிஷத்துல மனசு சொல்வது ஒன்றுதான்: "நான் எடுக்கலைன்னா இது செத்துப்போயிடும்." அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனா பர்ஸை எடுப்பதற்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள் கொஞ்சம் இருக்கு. முதல் விஷயம், அது என்ன ஆமை?

முதுகைப் பாருங்க

கண்ணுக்குப் பின்னாடி சிவப்பா ஒரு பட்டை இருந்தா, அது ரெட் இயர்டு ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. நம்ம ஊர்க் கடைகளில் 'வாஸ்து ஆமை', 'ஜப்பான் ஆமை' என்று என்ன பெயர் சொல்லி விற்றாலும் முக்கால்வாசி இதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் அடைத்து வந்தவற்றை சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. டப்பாவில் இருக்கும் குட்டி அப்படி ஒரு பயணத்தைத் தாண்டி வந்ததாகவும் இருக்கலாம்.

மேடு மேடான ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்தா, அது நட்சத்திர ஆமை. இங்கே யோசிக்கவே வேண்டாம், வாங்கக் கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு இது முதல் அட்டவணையில் இருக்கு. அதாவது புலி, யானை இருக்கிற அதே பட்டியல். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. கூடவே 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். விற்கிறவர் மட்டுமல்ல, வாங்கி வீட்டில் வைத்திருப்பவரும் குற்றவாளிதான். "நோயாக இருந்தது, காப்பாற்றத்தான் வாங்கினேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம்ம ஏரி, குளங்களில் இருக்கும் பால் ஆமையும் முதல் அட்டவணைதான். இப்படிப்பட்டதைக் கடையில் பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து, வனச்சரக அலுவலகத்துக்கோ, வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவின் சென்னை அலுவலகத்துக்கோ சொல்லுங்க. அவர்கள் வந்து எடுத்தால் அந்த ஒன்று மட்டுமல்ல, டப்பாவில் இருக்கிற எல்லாமே வெளியே வரும்.

இக்வானா, பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு ஊர்வனவற்றுக்கு வேறு சட்டம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் இவற்றை வைத்திருந்தால், 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாகணும். கடைக்காரரிடம் பேப்பர் இல்லை என்றால் அந்தச் சிக்கல் இனி உங்களுடையது.

சரி, டப்பாவில் இருப்பது ஸ்லைடர்தான் என்று வைத்துக்கொள்வோம். அது முதல் அட்டவணையில் இல்லை. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்குது.

கணக்கு யாருக்கு லாபம்?

கடைக்காரர் மொத்தமாக எடுக்கிறார். அதில் சிலது சாகும் என்பது அவருக்கு முன்னாடியே தெரியும், விலையிலேயே அதைச் சேர்த்திருப்பார். நோயான குட்டி அவர் கணக்கில் ஏற்கெனவே நஷ்டம். பாதி விலை கொடுத்து நீங்கள் அந்த நஷ்டத்தை வரவாக மாற்றுறீங்க. உங்களைப் பொறுத்தவரை அது 'ரெஸ்க்யூ', அவர் நோட்டில் 'ஒண்ணு போச்சு'. அடுத்த வாரம் அந்த இடத்தில் இன்னொரு குட்டி இருக்கும்.

இதை அவர் கெட்டவர் என்று சொல்வதற்காகச் சொல்லலை. பல கடைக்காரர்களுக்கு மீன் தெரியும், ஆமை தெரியாது. நல்லதென்று நினைத்துத்தான் ஏசி காற்றில், வெயில் படாமல், காய்ந்த இறாலை மட்டும் போட்டு வளர்க்கிறார்கள். கண் வீங்குவதே பெரும்பாலும் அதனால்தான். சாப்பாட்டில் வைட்டமின் ஏ இல்லாமல் போனால் இமை தடித்து மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை இரை தேடாது. சாப்பிடாததால் இன்னும் மோசமாகும்.

அதனால் காசு கொடுக்காமல் ஒரு வழியை முதலில் முயற்சி பண்ணிப் பாருங்க. "அண்ணா, இது கண்ணையே திறக்கலை. தனியா எடுத்து வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்களேன். இல்லைன்னா எங்கிட்ட கொடுங்க, நான் காட்டுறேன். ஆனா காசு கொடுத்து வாங்க மாட்டேன்." சண்டை போடுகிற தொனி வேண்டாம். எப்படியும் செத்துவிடும் என்று நினைக்கிற குட்டியைச் சில கடைக்காரர்கள் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். கொடுத்தால், உங்களிடம் வளர்க்க வசதி இருந்தால், எடுத்துக்கொள்ளலாம். அவருக்குப் பணம் போகலை என்பதுதான் இதில் முக்கியம்.

கொடுக்கலைன்னா? என் கருத்தைக் கேட்டால், வெளியே வந்துவிடணும். இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். அந்தக் குட்டி அநேகமாகச் செத்துப்போகும், அதைத் தெரிந்துகொண்டேதான் நீங்கள் படி இறங்குவீங்க. அதனால் வந்தவுடனே புகார் கொடுங்க. பெட் ஷாப்களுக்கான 2018 விதிகளின்படி, விலங்கு விற்கும் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கணும். வலியில் தவிக்கும் விலங்கை விற்பனைக்கு வைப்பது 1960-ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். அந்தப் பிரிவில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஆமைக்குட்டியின் விலையைவிடக் குறைவு. அப்புறம் எதுக்குப் புகார் என்று கேட்கலாம். அபராதத்தைவிட, 'உன் கடைக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கா?' என்று அதிகாரி வந்து கேட்பதற்குத்தான் கடைகள் அதிகம் பயப்படும். தேதி, நேரம், கடையின் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ இருந்தால் போதும்.

கையில் எடுத்தால் எவ்வளவு நாள்?

சும்மா கிடைத்ததோ, மனசு கேட்காமல் வாங்கியதோ, எடுப்பதற்கு முன் ஒரு கணக்குப் போடணும். உள்ளங்கையில் நாலு அடங்குகிற இந்தக் குட்டி பிழைத்தால், பெண் ஆமையாக இருக்கும்பட்சத்தில் ஓடு மட்டும் 25 சென்டிமீட்டர் தாண்டும். 20, 30 வருஷம் வாழும். இன்றைக்கு உங்களுக்கு 22 வயசு என்றால், கல்யாணம், வீடு மாற்றம், வெளிநாட்டு வேலை, குழந்தை என எல்லாத்தையும் அது பார்க்கும். பெரிய தொட்டி, வடிகட்டி, ஏறி உட்கார மேடை, யுவிபி விளக்கு என்று முதல் மாசமே ஆமையின் விலையைப்போலப் பல மடங்கு செலவாகும். ஹாஸ்டலிலோ, 'பெட்ஸ் நாட் அலவுட்' போர்டு போட்ட வாடகை வீட்டிலோ இருந்தால் விடை ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

வீட்டில் ஐந்து வயசுக்குக் கீழே குழந்தை இருக்கா? ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கும். குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்துக்கொள்வதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975-லேயே தடை செய்தது. அவங்க ஊர் ஆமை, அவங்க ஊரிலேயே குட்டியாக விற்க முடியாது. நம்ம ஊரில் கல்லா பக்கத்துல வைத்து விற்கிறோம்.

இன்னொன்று, பிழைக்கும் வாய்ப்பு. நாய், பூனை மாதிரி ஊர்வன தங்கள் நோயைச் சீக்கிரம் வெளியே காட்டாது. நமக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் பல வாரமாக உள்ளே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண் வீக்கம் மட்டும் என்றால் நம்பிக்கை உண்டு. ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துது, மூக்கில் குமிழி வருது, வாயைத் திறந்து மூச்சு விடுது என்றால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். ஓடு அழுத்தினால் ரப்பர் மாதிரி வளையுது என்றால் கால்சியமும் வெயிலும் இல்லாமல் எலும்பே பலவீனமாகியிருக்கு. ஓட்டில் குழி விழுந்து நாற்றம் அடித்தால் அழுகல். இவை எல்லாமே டாக்டர் இல்லாமல் சரியாகாது.

அந்த டாக்டர் உங்க ஊரில் இருக்காரா என்பதைக் கடையில் நிற்கும்போதே போன் போட்டுக் கேளுங்க. "நாய் பார்ப்பீங்களா" என்று இல்லை, "ஆமை பார்ப்பீங்களா" என்று. சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. நாலு மணி நேரப் பயணத்துக்குள் ஆமை பார்க்கும் டாக்டர் இல்லை என்றால், எடுக்காமல் இருப்பதுதான் நேர்மை.

குளத்தில் விட்டுடலாமா?

வேண்டாம். இதை எவ்வளவு சொன்னாலும் தகும். வளர்க்க முடியாமல் போனவர்கள் கோயில் குளத்தில் விட்டுவிட்டு 'புண்ணியம்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் ஸ்லைடரும் ஒன்று. குவாஹாட்டியில் உக்ரதாரா கோயில் குளத்தில் இது காணப்பட்டிருக்கிறது. திருச்சூர் பக்கம் நீர்நிலையில் தென்பட்ட பிறகு, வீட்டில் வைத்திருப்பவர்கள் எங்களிடம் ஒப்படையுங்கள் என்று கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் கேட்டுக்கொண்டது. வெயில் காய இடம், இரை என எல்லாத்துக்கும் நம்ம ஊர் ஆமைகளோடு இது போட்டி போடும். நோயான ஒன்றை விட்டால் கூடவே நோயையும் விடுறீங்க. ஈசிஆரில் முதலைப் பண்ணை இருக்கே, அங்கே கொடுத்துடலாம் என்று ஆமையோடு கிளம்பிப் போவதும் வேண்டாம். எந்தக் காப்பகமாக இருந்தாலும் முதலில் போனில் கேளுங்க. தனி ஆட்களிடமிருந்து விலங்கை வாங்க அவர்களுக்கும் இட வரம்பு, விதிகள் எல்லாம் உண்டு.

ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா?

திட்டப்போவதில்லை. முதல் ரெண்டு நாள் இதைச் செய்யுங்க.

ஊர்வனவற்றின் உடம்புச் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. சூடு குறைந்தால் செரிமானம் நிற்கும், எதிர்ப்பு சக்தி குறையும், கொடுக்கிற மருந்தும் சரியாக வேலை செய்யாது. அதனால் முதல் மருந்து சூடுதான். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவாங்க. தண்ணீர் 26 - 28 டிகிரி, உட்காரும் இடம் 32 டிகிரி பக்கம் இருக்கட்டும். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்க, கையால் தொட்டுப் பார்ப்பதெல்லாம் சரிவராது. தண்ணீர் ஓட்டின் உயரத்துக்கு மேல் வேண்டாம். பலவீனமான குட்டி ஆழத்தில் மூழ்கிச் செத்துவிடும். குளோரின் போக ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீர் நல்லது.

காலை இளவெயிலில் 15, 20 நிமிஷம் வைக்கலாம். கண்ணாடித் தொட்டியோடு ஜன்னல் ஓரம் வைப்பதில் பிரயோஜனமில்லை, கண்ணாடி தேவையான கதிரைத் தடுத்துவிடும். பாதி நிழல் கட்டாயம் இருக்கணும், பக்கத்திலேயே நீங்களும் இருக்கணும். நம்ம வெயிலில் சின்ன டப்பாத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் சுடும் என்று உங்களுக்கே தெரியும். காக்காயும் வரும்.

பால், பிரெட், சாதம் வேண்டாம். வாயைத் திறந்து ஊட்ட வேண்டாம். மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்து வேண்டாம். வைட்டமின் ஏ குறைபாடு என்று படித்துவிட்டு மாத்திரையைக் கரைத்து ஊற்றவும் வேண்டாம், அந்த வைட்டமின் அளவு மீறினால் தோலே உரியும். நாய், மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் பூச்சி மருந்து ஆமைக்கு விஷம், உயிரையே எடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் யாராவது 'எல்லா விலங்குக்கும் இதுதான்' என்று கொடுத்தால் வாங்காதீங்க.

வீட்டில் வேறு ஆமை இருந்தால் மூணு மாசமாவது தனித் தொட்டி, தனி வலை, தனிப் பாத்திரம். தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவாதீங்க. தொட்ட கையை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

முதல் நாளே எடை பார்த்து எழுதி வையுங்க. இதற்கென்று தனியாக ஒரு சின்ன டிஜிட்டல் தராசு போதும், சமையலறைத் தராசு வேண்டாம். பிறகு வாரம் ரெண்டு தடவை, அதே நேரத்தில். கண் திறந்து, சாப்பிட ஆரம்பித்தும் எடை ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போங்க. அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.