கருவியின் மௌனத்தை மறைக்காத இயக்கி: எபிக்ஸ் அமைப்பில் டிரைவர் தேர்வு குறித்து

விஞ்ஞானப் பரிசோதனைச் சாலைகளில் கருவிகளை வாங்குவதைக் காட்டிலும் அவற்றைக் கணினியோடு பேசவைப்பதே கடினமான காரியம் என்பதை, அப்பணியில் கைவைத்தவர் எவரும் மறுக்கமாட்டார். லாஸ் அலமாஸ், ஆர்கான் என்னும் இரு அமெரிக்க தேசிய ஆய்வுக்கூடங்களின் கூட்டு முயற்சியாக 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருப்பெற்று, இன்று சிங்க்ரோட்ரான் ஒளி நிலையங்கள், ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த லைகோ, பிரான்சில் எழுந்துவரும் ஐட்டர் அணுப்பிணைவு உலை எனப் பல இடங்களிலும் வேரூன்றியிருக்கும் எபிக்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பில், ஒரே கருவிக்கு, அதைக் கணினியோடு பேசவைக்கும் மூன்று நான்கு டிரைவர்கள் (இயக்கிகள்) மூலநிரலோடு இலவசமாகவே கிடைக்கின்றன. விலையைக் கொண்டு தீர்மானிக்க வழியில்லாமையால், எது அதிகமான கட்டளைகளை ஏற்கிறதோ அதுவே சிறந்தது என்று பலரும் கொள்கிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறானது. கருவி பேசாமற்போன வேளையில் டிரைவர் நமக்கு என்ன சொல்கிறது என்பதே தேர்வை நிர்ணயிக்க வேண்டும் என்பது என் வாதம்.

எபிக்ஸில் ஒவ்வோர் அளவீடும் ஒரு ரிக்கார்டு. வினாடிக்கு ஒருமுறை படிக்க வேண்டிய ரிக்கார்டுகள் யாவும் ஒரே திரெட்டில், அதாவது நிரலின் ஒரே இயக்க இழையில், வரிசையில் நிற்பவர்களைப் போல, ஒன்றன்பின் ஒன்றாக நடத்தப்படுகின்றன. பதில் வரும்வரை அந்தத் திரெட்டையே பிடித்து நிறுத்திவைக்கும் டிரைவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் நின்றுபோன ஒரு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியிடம் பத்து அளவீடுகளைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாடி அது காத்திருந்தால், சுற்று ஒன்றுக்குப் பத்து வினாடிகள் கழிந்துவிடும். அந்தக் கருவியோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத வெற்றிட அளவியின் எண்ணும் பத்து வினாடி பழையதாகவே திரையில் தோன்றும். எல்லாக் கருவிகளும் ஒழுங்காக இயங்கும் நாளில் இக்குறை கண்ணுக்கே தெரியாது. ஏசின் என்னும் பொது அடித்தளம் விசேஷ மதிப்புப் பெறுவது இதனால்தான்: காத்திருக்க நேரும் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் அது தனித் திரெட் ஒன்றை அமைத்துக்கொடுப்பதால், ஒரு கருவியின் நோய் அடுத்ததைத் தொற்றுவதில்லை.

ஏசின்மீது அமர்ந்து இயங்குவது, சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தைச் சேர்ந்த டிர்க் ஸிமோக் எழுதிய ஸ்ட்ரீம் டிவைஸ். எழுத்துகளால் பேசும் கருவிக்கு இதில் புதிய நிரல் எழுத வேண்டியதில்லை. அனுப்பும் கட்டளை ஒரு வரி, எதிர்பார்க்கும் பதிலின் வடிவம் ஒரு வரி, முடிவுக் குறி ஒன்று என ஒரு சிறு கோப்பை எழுதினாற்போதும். வேறு ஆய்வுக்கூடத்தில் ஒருவர் அதே கருவிக்கென்று ஆயிரம் வரிகளில் எழுதிய தனி டிரைவர் அறுபது கட்டளைகளை ஏற்கலாம். ஆனால் எழுதியவர் வேறு பணிக்குப் போன பின், கருவியின் உள்நிரல் மாறி, பதிலில் ஓர் இடைவெளி கூடிவிட்டால், அந்த ஆயிரம் வரிகளைப் படித்துத் திருத்துவார் யார்? சிறு கோப்பையோ இரவுப் பணியிலிருக்கும் மாணவரே திருத்திவிடலாம். அதனினும் முக்கியமானது அதன் நேர்மை. இயல்பு அமைப்பில் ஆயிரம் மில்லி வினாடிக்குள் பதில் தொடங்காவிட்டாலும், வந்த பதில் வடிவத்தோடு பொருந்தாவிட்டாலும், ரிக்கார்டு செல்லாதது என்று குறிக்கப்படுகிறது. பழைய எண் அழிவதில்லை. ஆனால் எபிக்ஸின் பழைய மெட்ம் திரையில், எச்சரிக்கை நிறம் காட்டுமாறு அமைத்திருந்தால், அது வெள்ளை நிறமாகிவிடும். குளிர்கலத்தில் ஹீலியம் வற்றிப்போன பின்னும் 4.2 கெல்வின் என்று பச்சை நிறத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும் டிரைவரோடு இதை ஒப்பிட்டால், அறுபது கட்டளைகளின் பெருமை எவ்வளவு அற்பமானது என்பது விளங்கும்.

ஆலைகளில் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகளான பி.எல்.சி.களில், சீமென்ஸ் எஸ்-7 வகையின் விஷயத்தில் இந்தப் பரீட்சை கடினமாகிறது. எஸ்-7 பி.எல்.சி. என்னும் டிரைவரில், பி.எல்.சி.யே குறித்த அளவுள்ள தரவுத் தொகுதியை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்ற சிறிது நேரத்திலேயே இணைப்பு முறிந்ததென்று தெரிந்துவிடும். ஆயினும் இருபுறத்திலும் பைட்டுகளின் இடங்கள் ஒத்திருக்க வேண்டுமாதலால், பி.எல்.சி. நிரலை எழுதுபவர் மொத்த அளவை மாற்றாமல் இரண்டு மாறிகளை இடம் மாற்றிவைத்தால், தவறான எண்களே ஒழுங்கான எண்களைப்போல் வந்து சேரும். எஸ்-7 நோடேவ் டிரைவருக்கு அத்தகைய அனுப்பும் நிரல் வேண்டாம். ஆனால் எஸ்-7-1200, எஸ்-7-1500 வகைகளில் வெளியிலிருந்து படிக்கவும் எழுதவும் விடும் புட்-கெட் அனுமதியைத் திறந்துவைத்து, தரவுத் தொகுதியின் உகப்பாக்கத்தையும் நீக்க வேண்டியிருக்கிறது. 1979இல் பிறந்த மோட்பஸ் என்னும் தொடர்பு நெறிமுறை எங்கும் கிடைப்பது. ஒரு வேண்டுகோளில் 125 ரெஜிஸ்டர்கள் வரை படிக்கலாம். எனினும் எண்ணின் வகையை அது அறியாது. 32 பிட் பின்ன எண் ஒன்றின் இரு பாதிகள் முன்பின்னாக மாறினால், அபத்தமான எண் வரும், எச்சரிக்கை வராது. ஓ.பி.சி. யு.ஏ. என்னும் நெறிமுறையோ பெயரையும் வகையையும் காலக்குறியையும் தரத்தையும் சேர்த்தே தருகிறது. அதற்கான எபிக்ஸ் டிரைவர் திறந்த மூலமாக இருந்தும், முதலில் விலைக்கு வாங்க வேண்டிய நூலகம் ஒன்றையே நம்பியிருந்தது. பின்னரே ஓபன்62541 என்னும் திறந்த நூலகத்தோடும் இயங்கத் தொடங்கியது. மேலுள்ள அடுக்கு திறந்திருப்பதாலேயே கீழுள்ளதும் திறந்திருக்கும் என்று எண்ணிவிடலாகாது. புதிய எஸ்-7-1500க்கு ஓ.பி.சி. யு.ஏ.; பழைய எஸ்-7-300க்கு, பி.எல்.சி. நிரலர் அருகிலேயே இருப்பாராயின், எஸ்-7 பி.எல்.சி.: என் தீர்ப்பு இதுவே.

பொது டிரைவர் எல்லாவற்றுக்கும் போதுமா என்று கேட்டால், போதாது என்பதே நியாயமான விடை. வினாடிக்கு நூற்றுக்கணக்கான படங்களைக் கக்கும் கேமராவுக்கு எழுத்து வடிவப் பேச்சு உதவாது. அங்கே ஏரியா டிடெக்டர் போன்ற தனி அமைப்பு அவசியமாகிறது. பராமரிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அளவீட்டுக் கருவிகளை இணைக்கும் ஜி.பி.ஐ.பி. கேபிளுக்கான லினக்ஸ் டிரைவர் நெடுங்காலம் லினக்ஸின் மையநிரலான கெர்னலுக்கு வெளியே வாழ்ந்தமையால், கெர்னல் மாறும்போதெல்லாம் அதை மறுபடி தொகுக்கும் சுமை ஆய்வுக்கூடத்தார் தலையிலேயே விழுந்தது.

ஆகையால், தேர்வுக்கு வந்துள்ள டிரைவர்களை நிறுவிய நாளிலேயே, கருவி இயங்கிக்கொண்டிருக்கையில் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். பாதிப் பதிலை மட்டும் அனுப்பும் ஒரு போலிக் கருவியைக் கணினியில் எழுதி, அதனோடும் பேசவையுங்கள். ஒவ்வொரு முறையும் திரையில் எண்ணின் நிறம் மாறுகிறதா, மற்றக் கருவிகளின் எண்கள் தாமதமின்றி வருகின்றனவா, கேபிளை மீண்டும் செருகியதும் யாரும் தொடாமலே இணைப்புத் திரும்புகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு அரைநாள் போதும்.