சுமையும் காற்றும்

2022 ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் கொட்டாஞ்சேனையிலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் நின்றிருந்தேன். அவருடைய பழைய பிக்கப் வாகனத்தின் பின்புறம் ஜாக்கியில் உயர்ந்திருந்தது. அடியில் படுத்திருந்த நண்பர், அச்சு சட்டத்தில் இடிக்காமல் காக்கும் இறப்பர்க் கட்டைகளைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் இரண்டு காற்றுப்பைகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். பணியின் நுட்பங்கள் எளியவைதாம். வில்லுத் தகடுகளுக்கும் சட்டத்துக்கும் இடையே பக்கத்துக்கு ஒரு பை. ஒவ்வொன்றிலிருந்தும் வால்வுக்கு ஒரு மெல்லிய குழாய். அது சூடேறும் புகைக்குழாயை அண்டாமல் செல்ல வேண்டும். இறுதியில் ரயருக்குக் காற்றடிக்கும் அதே பம்பியால் காற்றேற்றி, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம்.

அவருக்கு இது பொழுதுபோக்கு அன்று. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக் கடைகளுக்குப் பொருள் ஏற்றுவதே அவருடைய பிழைப்பு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கம் வரை மீளவில்லை. பெரிய வாகனம் வாங்க வழியில்லை. 2022 யூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையும் வாராந்தப் பங்கீடும் வந்தன. இரண்டு பயணங்களுக்கு எண்ணெய் போதாதெனில், இரண்டு பயணத்தின் சுமையை ஒரே பயணத்தில் ஏற்றுவதைத் தவிர வேறென்ன செய்வது?

சுமையை மெத்தென்று தாங்கவேண்டும் என்ற ஆசை பழையது. நம்முடைய மாட்டுவண்டியில் வில் கிடையாது. பாதையின் ஒவ்வொரு குழியையும் அச்சே வாங்கிக்கொண்டது. இங்கிலாந்தில் ஒபாடயா எலியட் 1804இல் குதிரை வண்டிகளுக்கு நீள்வட்ட வில்லுக்கான காப்புரிமை பெற்றார். காற்றை அடைத்துச் சக்கரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ரொபர்ட் தொம்சன் 1845இலேயே காட்டினார்; ஆனால் அது மறக்கப்பட்டு, 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் தம் மகனின் முச்சக்கர சைக்கிளுக்காக மீண்டும் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

இக்கதையில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. காற்றை அடைத்துவைக்க இறப்பர் வேண்டும். ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகளில் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகளுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் 1876இல் கப்பலேறி இங்கே வந்தன. கொழும்பிலிருந்து அதிக தூரமில்லாத கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அது ஒரு தொட்டில். அந்த இறப்பரே பின்னர் ரயராயிற்று. 1930களில் அமெரிக்காவின் பயர்ஸ்டோன் நிறுவனத்தார் ஆராயத் தொடங்கிய காற்றுவில்லாயிற்று. 1953இல் ஜெனரல் மோட்டார்ஸ் பஸ்களின் அடியில் அமர்ந்தது. இன்று பிக்கப் வாகனங்களுக்கு விற்கப்படும் துணைப்பைகள் அதன் சிறிய பிள்ளைகள்.

முதல் வாரம் நண்பர் பெருமகிழ்ச்சியில் இருந்தார். மூட்டைகளை அடுக்கினாலும் பின்புறம் தாழவில்லை. இரண்டாம் வாரம், காலி வீதியில் முன்னே சென்ற பஸ் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே சென்று, ஒரு முழ இடைவெளியில்தான் நின்றதாம். அன்று மாலை அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

காரணம் எளிது. காற்றுப்பை வாகனத்தை மட்டமாக நிறுத்துமேயன்றி, அது சுமக்கக்கூடிய எடையை ஓர் இறாத்தலேனும் கூட்டாது. அச்சும் பிரேக்கும் ரயரும் பழைய அளவிலேயே நிற்கின்றன. மயிலிறகேயானாலும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதும் இதைத்தான். அவர் எச்சரித்தது அச்சைப் பற்றியே.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. பின்புறம் தாழ்வது ஒரு வாகனத்தின் பேச்சு. மிகையாக ஏற்றினால் மாடு படுத்துக்கொள்ளும். புறக்கோட்டை நாட்டாமை முதுகை நிமிர்த்தி மறுப்பார். வில்லுத் தகடு வளைந்து காட்டும். காற்றுப்பை அந்தப் பேச்சை அடக்கிவிட்டது. எடை குறையவில்லை, எடை தெரியாமற் போயிற்று. அந்த ஆண்டில் நம்மில் பலரும் அப்படித்தானே வாழ்ந்தோம்? வெளியே மட்டமாக நின்றோம். உள்ளே எவ்வளவு ஏறியிருந்தது என்பதை எவரும் பார்க்கவில்லை.

2023 செப்ரெம்பரில் எரிபொருள் பங்கீடு நீங்கியது. நண்பர் பைகளைக் கழற்றவில்லை, வழக்கத்தை மாற்றிக்கொண்டார். பைகள் சுருங்காதபடி சிறிதளவு காற்றை மட்டும் விட்டுவைத்து, முதலில் மூட்டைகளை ஏற்றுகிறார். பின்புறம் எவ்வளவு தாழ்கிறதென்று குனிந்து பார்க்கிறார். வழமையைவிடத் தாழ்ந்தால் சில மூட்டைகளை இறக்குகிறார். அதன் பின்னரே பம்பியை எடுக்கிறார்.

“முதலில் அது சொல்லட்டும், பிறகு காற்றடிப்போம்” என்கிறார்.